ஹப்ஸத்தின் கைப்பட்டை

ஜாபிர் தோஹாவுக்குத் திரும்பிப் போனது ஒரு வியாழக்கிழமை. அன்று காலையில்தான் குழந்தைக்கு முடி களைந்து, ஹனீன் என்று பெயர் சொல்லி, ஆடு அறுத்துப் பங்கு வைத்திருந்தார்கள். பிரியாணி வெந்த பெரிய செம்பைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் விமான நிலையத்துக்குப் போகிற கார் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாக அவன் பேற்றறைக்குள் போனான். கட்டிலோரம் முட்டி போட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தான்.

"கையைக் காட்டு ஹப்ஸூ."

"வளையலா?"

"வளையல் மாதிரிதான்."

சாம்பல் நிறத்தில் மெத்தென்று ஒரு ரப்பர் பட்டை. நேரம் காட்டாது, எண் காட்டாது. பிள்ளை பெற்றவர்களுக்கென்றே செய்ததாம். அவளுடைய இடது மணிக்கட்டில் மாட்டி அவனே இறுக்கினான். தோலுக்கும் ரப்பருக்கும் நடுவில் பச்சையாக ஓர் ஒளி மினுங்கி அணைந்தது.

"இனி நீ தூங்கறது, மூச்சு விடறது, நெஞ்சு அடிக்கறது எல்லாம் எனக்கு அங்கே தெரியும். நான் வர்ற வரைக்கும் கழட்டாதே."

"நீங்க அடுத்த நோன்புக்குத்தானே வருவீங்க."

"அது வரைக்கும்தான்."

கதவருகில் நின்றிருந்த குஞ்ஞாயிஷா மூத்தம்மாவுக்கு, அதாவது ஹப்ஸத்தின் உம்மாவுக்கு, முகம் சுண்டிவிட்டது. "நாங்க பாத்துக்க மாட்டோமா மோனே?" என்றார்.

"பாத்துப்பீங்க உம்மா. இது சும்மா கூட ஒரு கண்ணு" என்று சொல்லிவிட்டு, அவன் குழந்தையின் மொட்டைத் தலையில் முத்தமிட்டு வெளியேறினான். அவனுடைய பெட்டியைக் காரில் வைத்தது ஹப்ஸத்தின் சின்னம்மா மகளான நான். பல வருஷம் வெளியூர்களில் திரிந்துவிட்டு அப்போதுதான் ஊருக்கு வந்திருந்தேன். போகிறவர்களின் பெட்டியைத் தூக்குவது எனக்கு எப்போதும் பிடித்த வேலை.

கார் திரும்பியதும் மூத்தம்மா சொன்னார்: "எனக்குக் காவல் வெச்சுட்டுப் போறான்."

அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு சரீனா என்று ஓர் அக்கா இருந்தாள். பிள்ளை பெறப் பெண் தன் உம்மாவின் வீட்டுக்கு வருவது வழக்கம். அவளும் அப்படித்தான் தன் உம்மா பிய்யாத்தும்மாவிடம் வந்தாள். பிரசவம் நல்லபடியாக ஆயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த பிறகு தலைவலி என்றாள். குளித்த ஈரம் தலையில் நின்றிருக்கும் என்று உச்சியில் ராஸ்னாதிப் பொடி தேய்த்தார்கள். மறுநாளும் தலைவலி என்றாள். மறுபடியும் தேய்த்தார்கள். அதற்கடுத்த நாள் கையும் காலும் வெட்டி இழுத்தது. ஜீப்பில் ஏற்றும்போதே அவளுடைய பேச்சு நின்றிருந்தது; உயிரோடு திரும்பவில்லை. ஜாபிர் அப்போது கல்லூரியில் சேர்ந்த புதிது. அந்த மூன்று நாளும் அக்காவுக்குக் கட்டன் சாயா கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறான். அதற்குப் பிறகு அவன் உம்மாமார்களின் கைவைத்தியம் எதையும் நம்பியதில்லை. பெற்ற தாயிடம்கூட ஓர் அளவுக்கு மேல் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஹப்ஸத்தைத் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். மஞ்சேரிக்குக் கிழக்கே எங்கள் ஐந்தாறு ஊர்களில் ஸ்கூட்டர் ஓட்டுகிற பெண்களில் பாதிப் பேர் அவளிடம் கற்றவர்கள். பள்ளிக்கூடம் விட்டபின் அந்த மைதானம் அவளுடையது. கறுப்புப் பர்தாவின் நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டிக்குப் பின்னாலேயே ஓடுவாள். "டயரைப் பாக்காத ஆபிதா! டயர் எங்கேயும் ஓடிப்போகாது! போற இடத்தைப் பாரு!" என்று அவள் போடுகிற சத்தம் பள்ளிவாசல் வரை கேட்கும். ஐம்பது தாண்டியவர்கள்கூட அவளிடம் வந்து பழகினார்கள். மருமகளிடம் "கடைக்குக் கொண்டுபோய் விடு" என்று கெஞ்சி அலுத்தவர்கள். வயிற்றில் ஏழு மாதம் ஆகும் வரை வண்டிக்குப் பின்னால் ஓடியவள் அவள். பகலில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

அவளைத்தான் நாற்பது நாளைக்கு ஓர் அறையில் போட்டார்கள். காற்று பட்டால் உடம்பு நீர் கோக்கும் என்று ஜன்னல் சாத்தியிருந்தது. வயிற்றைச் சுற்றிப் பழைய வேட்டித் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. வெந்தயக் கஞ்சி, உள்ளி லேகியம், வெந்நீர். கண்ணுக்கு வேலை கொடுத்தால் பின்னால் பார்வை மங்கும் என்பதால் வாசிக்கக் கூடாது, போனைத் தொடக் கூடாது. அவளுடைய போன் மூத்தம்மாவின் பீரோவில் இருந்தது. ஜாபிர் கூப்பிடும்போது மட்டும் ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைப்பார்கள். கைப்பட்டை சொல்கிற செய்திகள் மூன்று போன்களுக்குப் போயின: ஜாபிருடையது, அவனுடைய உம்மா பிய்யாத்தும்மாவுடையது, பீரோவில் இருந்தது. தன் நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று அந்தக் குடும்பத்தில் தெரியாதவள் ஹப்ஸத் ஒருத்திதான்.

முதல் கலவரம் குளியலில் வந்தது. எண்ணெய் தேய்த்து, இலைகள் வேகவைத்த நீரில் குளிப்பாட்ட கதீசாத்தா தினமும் காலையில் வருவார். எங்கள் பக்கத்தில் அவர் கை படாத முதுகு இல்லை. "இந்த ரப்பரோட எப்படித் தேய்க்கறது? கழட்டு" என்றார். கழற்றினார்கள். எண்ணெய் முழங்காலுக்கு வருவதற்குள் பீரோவில் போன் அலறியது. தோஹாவில் ஏதோ கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து ஜாபிர்.

"உம்மா, அவளுக்கு என்னாச்சு?"

"என்னாச்சு? எண்ணெய் தேய்ச்சுட்டு இருக்கா."

"இங்கே எதுவும் அடிக்கலேன்னு காட்டுது!"

"எது அடிக்கல?"

"நெஞ்சு உம்மா, நெஞ்சு!"

கதீசாத்தா குளியலறையிலிருந்து குரல் கொடுத்தார்: "அடிக்குது மோனே, ஜோராவே அடிக்குது. நான் கை வெச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நீ போனை வெச்சுட்டு வேலையப் பாரு."

அதற்குள் அடுத்த ஊரிலிருந்து பிய்யாத்தும்மா ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். தலைத்துணி சரியாகப் போடவில்லை; மூச்சு வாங்கியது. நேராகக் குளியலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். எண்ணெயில் மின்னிக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்த மருமகளைப் பார்த்து அப்படியே நின்றார்.

"வந்ததுதான் வந்தீங்க, அந்தப் பக்கம் தோளைக் கொஞ்சம் தேச்சு விடுங்க" என்றார் கதீசாத்தா.

பிய்யாத்தும்மா சிரிக்கவில்லை. ஹப்ஸத்தின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதே ஆட்டோவில் திரும்பிப் போனார்.

மூத்தம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. "தினம் தினம் இந்தக் கூத்தா? சம்பந்தி வீட்டுக்காரி என் குளியலறைக்குள்ள நுழையறா" என்று குமுறினார். மறுநாள் அவரே வழி கண்டுபிடித்தார். ஹப்ஸத்தின் கையிலிருந்து கழற்றிய பட்டையை இளைய மகள் லுப்னாவின் கையில் மாட்டினார். லுப்னா கல்லூரிக் கடைசி வருஷம். பரீட்சை விடுமுறையில் வீட்டில் இருந்தாள். ஒளி மினுங்கி அணைந்தது. போன் அலறவில்லை. தோஹாவில் அமைதி. அடுத்த ஊரில் அமைதி.

இது வெறும் குளியல் நேரத்தோடு நிற்கவில்லை. ஒருநாள் மதியம் லுப்னா சொன்னாள்: "இத்தா, நான் எப்படியும் புக்கை மூஞ்சில போட்டுக்கிட்டுத் தூங்கப்போறேன். அதை என் கையில மாட்டிட்டு, நீ மாடிக்குப் போய்க் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வா. உம்மா தொழுதுட்டுத் தூங்கறாங்க."

பேற்றறையிலிருந்து வெளியே காலடி வைத்தால் பட்டை எண்ணும், பிய்யாத்தும்மாவிடமிருந்து "மோளே, ஏன் நடக்கறே?" என்று குரல் வரும். பட்டை இல்லாத கையோடு ஹப்ஸத் மொட்டை மாடிக்கு ஏறினாள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்று, பாக்குமரங்களுக்கு அப்பால் தெரிந்த பள்ளி மைதானத்தைப் பார்த்தாள். யாரும் அவளுடைய மூச்சை எண்ணவில்லை. தான் அழுததாக அவள் பிறகு என்னிடம் சொன்னாள். எதற்கென்று தெரியவில்லையாம்.

அன்று மாலை பிய்யாத்தும்மாவின் குரல்செய்தி வந்தது: "மருமோளு மத்தியானம் நல்லாத் தூங்கியிருக்கா, மிஷினு சொல்லுது. மாஷா அல்லாஹ். முகத்துல ரத்தம் ஊறும்."

லுப்னா தன் கன்னத்தைக் கிள்ளிக் காட்டினாள். "ஊறுது, ஊறுது."

பிறகு இரவும் லுப்னாவின் கைக்குப் போயிற்று. ஹனீன் ராத்திரி முழுக்கப் பால் கேட்டாள், ஹப்ஸத்தின் தூக்கம் துண்டு துண்டாயிற்று, நன்றாக இருந்தால் பச்சை காட்டுகிற போன் திரையில் அது மஞ்சளாக வந்தது, ஜாபிர் மூத்தம்மாவைக் கூப்பிட்டு, "குழந்தையை நீங்க கொஞ்சம் வாங்கி வெச்சுக்கக் கூடாதா உம்மா?" என்று கேட்டான். இப்படி இரண்டு தடவை கேட்டதும் மூத்தம்மாவே பட்டையைக் கழற்றிக்கொண்டுபோய் லுப்னாவிடம் கொடுத்தார். மறுநாள் பச்சை. எல்லோருக்கும் சௌகரியம். மூத்தம்மாவின் மானம் காப்பாற்றப்பட்டது. ஜாபிர் நிம்மதியாக இருந்தான். ஹப்ஸத்துக்கு மாடி கிடைத்தது.

மூன்றாவது வாரம் தொடங்கும்போது அவளுக்குத் தலைவலி வந்தது. நான் அந்த வாரம் மைசூரில் இருந்தேன். நடந்ததை ஹப்ஸத் பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். லுப்னாவும் கொஞ்சம் சொன்னாள்.

முதல் நாள் பிடரியில் ஒரு பாரம். அடுத்த நாள் நெற்றியின் இரண்டு பக்கமும் ஆணி அடித்த மாதிரி. கால் பாதங்கள் ஊதிச் செருப்பு நுழையவில்லை. மூத்தம்மா உச்சியில் ராஸ்னாதிப் பொடி தேய்த்தார். அந்த மணம் மூக்கில் ஏறியதும் ஹப்ஸத்துக்கு சரீனாவின் ஞாபகம் வந்தது.

"உம்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"தூக்கம் இல்லாத தலைவலிடி. பிள்ளை பெத்த எல்லாருக்கும் வர்றது. எனக்கு உன்னைப் பெத்தப்ப வரலையா?"

ஜாபிர் கூப்பிட்டபோது அவள் ஸ்பீக்கரில் சொன்னாள்: "இக்கா, தலை பொளக்குது."

"இரு, பாக்கறேன்" என்றான். அவன் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது அவளுக்குக் கேட்கிற மாதிரியே இருந்தது. "எல்லாம் பச்சையா இருக்கு ஹப்ஸூ. நேத்து நல்லாத் தூங்கியிருக்கே. நெஞ்சு அமைதியா அடிக்குது. சூடும் இல்ல. பயப்படாதே. உனக்கு ஏதாவதுன்னா உனக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சுடும்."

கட்டிலின் அந்தப் பக்கம் மூத்தம்மா உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். ஹப்ஸத் வாயை மூடிக்கொண்டாள்.

போன் வைத்ததும் லுப்னா கேட்டாள்: "உம்மா, தூங்கினது நான். அதைச் சொல்லிடலாமே."

"சொன்னா? பிய்யாத்து இன்னைக்கே வண்டியோட வந்து நிப்பா. பெத்தவளையும் பிள்ளையையும் தூக்கிட்டுப் போயிடுவா. ரெண்டு பொண்ணை வளர்த்தவ மருமகனை மிஷின்ல ஏமாத்தினான்னு அஞ்சு ஊர் பேசும். உனக்குக் கல்யாணப் பேச்சு நடக்கற நேரம்டி இது."

"சொல்லாம ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"பச்சையா இருக்கறப்ப எதுக்குப் போனீங்கன்னு கேட்டா என்ன சொல்றது?"

மூத்தம்மா கெட்டவர் அல்ல. பயந்தவர். மகளுக்கு ஒன்றும் இல்லை என்று நம்ப அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அது பச்சையாக பீரோவில் இருந்தது.

மறுநாள் லுப்னா பரீட்சை எழுதப் போய்விட்டாள். போகும்போது பட்டையை ஹப்ஸத்தின் கையில் மாட்டிவிட்டு, "இன்னைக்காவது உன்னைக் காட்டிக் கொடுக்கட்டும்" என்று காதில் சொன்னாள். ஹப்ஸத்தும் அதைத்தான் எதிர்பார்த்தாள். இன்று தன் கையில், தன் தோலில் இருக்கிறது. இத்தனை வலியை அது பார்க்காமலா போகும்? காலை முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். குழந்தையைப் பால் கொடுக்கத் தூக்கினால் அறை சாய்ந்தது. கண்ணுக்குள் வெள்ளி வெள்ளியாகப் பூச்சிகள் பறந்தன.

"உம்மா, போன்ல என்ன காட்டுதுன்னு பாருங்க."

மூத்தம்மா பீரோவைத் திறந்து பார்த்தார். "பச்சை."

"இப்ப என் கையிலதானே இருக்கு?"

"உன் கையிலதான் இருக்கு. அப்ப உனக்கு ஒண்ணுமில்லேன்னுதானே அர்த்தம்?" மூத்தம்மாவின் குரலில் உண்மையான ஆறுதல் இருந்தது. அவளுடைய நெற்றியைத் தடவிக் கொடுத்தார். "நான் கஞ்சி இறக்கிட்டு வரேன். கண்ணை மூடிட்டு இரு."

அந்த நிமிஷத்தைப் பற்றி ஹப்ஸத் என்னிடம் சொன்னபோது அவளுடைய குரல் அடங்கிப்போயிற்று. அதுவரை பொய்யில்தான் மாட்டியிருக்கிறோம், உண்மையைச் சொன்னால் வெளியே வந்துவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது உண்மையும் பச்சைதான். வாயால் சொன்னால் உம்மா கேட்கவில்லை. கையில் இருப்பது அவளுக்காகப் பேசவில்லை. போன் பீரோவுக்குள். சத்தம் போட்டால் பேறு கழிந்தவளுக்குப் பிடித்த கிறுக்கு என்பார்கள். ஓதி ஊதிய தண்ணீர் கொடுப்பார்கள். ஹனீன் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். சரீனாவின் மகனை ஹப்ஸத்துக்குத் தெரியும். அவன் கொண்டோட்டியில் அவனுடைய உப்பாவின் இரண்டாவது மனைவியிடம் வளர்கிறான்.

அவள் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள். பட்டையைக் கழற்றவில்லை. படியேறினாள். பாதி வழியில் கண் இருட்டியது. கைப்பிடியில் நெற்றியைச் சாய்த்து நின்று, மறுபடி ஏறினாள். மேலே போய்த் திரும்பி இறங்கினாள். திரும்ப ஏறினாள். எத்தனை தடவை என்று ஞாபகம் இல்லையாம். வயிற்றுத் துணி அவிழ்ந்து காலுக்குள் சிக்கியது. நெஞ்சு தொண்டைக்கு வந்து அடித்தது. "கத்து சனியனே, கத்து" என்று மணிக்கட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே ஏறினாள்.

பீரோவுக்குள் போன் கத்தியது.

மூத்தம்மா கரண்டியோடு ஓடிவந்தபோது அவள் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். தோஹாவிலிருந்து ஜாபிர் "சிவப்பு, உம்மா, சிவப்பு" என்று அலறிக்கொண்டிருந்தான். மூத்தம்மாவோ என்ன செய்வதென்று தெரியாமல், அவிழ்ந்து கிடந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாராம்.

பிய்யாத்தும்மாவின் ஆட்டோ வந்தது. அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. படிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஹப்ஸத்தின் முகத்தைக் கையில் ஏந்தினார்.

"தலை வலிக்குதா மோளே?"

"ஆமா உம்மா."

"கண்ணுல பூச்சி பறக்குதா?"

ஹப்ஸத் தலையாட்டினாள்.

"எத்தனை நாளா?"

"மூணு நாளா."

பிய்யாத்தும்மா நிமிர்ந்து சம்பந்தியைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "பிள்ளைய எடுத்துக்கிட்டு ஏறுங்க" என்றார். யாருக்குப் பயந்து மூன்று நாள் வாயைப் பொத்தி வைத்திருந்தார்களோ, அவர்தான் ஒரு சொல்லில் நம்பினார். ஆட்டோவில் மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம், "தூங்காதே மோளே, பேசு. உன் ஸ்கூட்டரைப் பத்திப் பேசு" என்று சொல்லிக்கொண்டே வந்தாராம்.

ஆஸ்பத்திரியில் கையில் துணி சுற்றிக் காற்றடித்து ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் இன்னொரு முறை பார்த்தாள். பிறகு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். ஜன்னி வராமலிருக்க ஊசி போட்டார்கள். பிரசவம் ஆன பிறகும் சிலருக்கு இப்படி ரத்த அழுத்தம் ஏறும், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கையில் இருந்த பட்டையைப் பார்த்து, "இதுக்கு ப்ரஷர் தெரியாதே, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் மைசூரிலிருந்து வந்து பார்த்தபோது வார்டில் கூட்டம். ஜாபிர் போனில் அழுதுகொண்டிருந்தான். "பாத்தியா ஹப்ஸூ? அது இல்லேன்னா? அது மட்டும் உன் கையில இல்லேன்னா?" பக்கத்துக் கட்டில்காரிகள் பட்டையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு ஹப்ஸத் என்னிடம் மாடிப்படியைப் பற்றிச் சொன்னாள்.

"அவர்கிட்டச் சொல்லிடு" என்றேன்.

"என்னன்னு? நான்தான் கத்த வெச்சேன்னா? ஏன் கத்த வெச்சேன்னு கேப்பாரு. லுப்னா கையில இருந்ததைச் சொல்லணும். உம்மாவைச் சொல்லணும்." தண்ணீர் கேட்டாள், குடித்தாள். "நேத்துத்தான் சரியாத் தூங்கினாராம். சரீனா போனதுக்கு அப்புறம் முதல் தடவையா. அதை எப்படிடி எடுக்கறது?"

நாற்பது கழிந்து குளித்தாள். பட்டை கழலவில்லை. வேறு யாருடைய கையிலும் மாட்டவும் மூத்தம்மாவுக்குத் துணிச்சல் இல்லை. எண்ணெய் தேய்க்கிற நாளில் முன்கூட்டியே தோஹாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் கழற்றுவார்கள். ஜாபிர் அந்தக் கதையைத் தன்னோடு தங்கியிருந்த எல்லோரிடமும் சொன்னான். கல்யாண வீடுகளில் ஹப்ஸத்தைப் பார்த்தால் பெண்கள் அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள். அவனுடைய மாமன் மகளுக்கு ஒன்று வந்தது. ஓதுபள்ளி உஸ்தாதின் மருமகளுக்கும் ஒன்று. மாட்டிவிடக் கைராசிக்காரி என்று ஹப்ஸத்தையே கூப்பிட்டார்கள். அவள் போய் மாட்டிவிட்டாள். மாட்டும்போது ஒவ்வொருத்தியிடமும், "தலை வலிச்சா மிஷினைப் பாக்காதே, ஆஸ்பத்திரிக்குப் போய் ப்ரஷர் பாரு" என்று சொன்னாள். "உங்களுக்கு அதுதானே காட்டிக் கொடுத்துச்சு?" என்று அவர்கள் கேட்டார்கள். அவள் சாயா குடித்துவிட்டு வந்தாள்.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தொடர்ந்தது. சுகாதார நிலையத்துக்கு அவளே போய்ப் பார்த்துக்கொண்டு வருவாள். ஜாபிர் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. அவனிடம்தான் பச்சை இருந்ததே.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் மைதானத்தில் இறங்கினாள். புதிதாகக் கற்கிறவள் வண்டியை கோல் கம்பத்துக்கு நேராக விடுவாள். ஹப்ஸத் பின்னால் ஓடிப் பிடிப்பாள். உடனே இடுப்பில் போன் அடிக்கும்.

"ஏன் இப்படி ஏறுது?"

"ஓடினேன் இக்கா."

"மெதுவா ஓடக் கூடாதா?"

"மெதுவா ஓடினா ஆபிதா கிணத்துல இருப்பா."

கற்கிற பெண்கள் இதை ஒரு விளையாட்டாக்கிவிட்டார்கள். "டீச்சரே, நான் ப்ரேக் பிடிக்கலைன்னா தோஹாவுல உங்க ஆளுக்கு வேர்க்குது" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் மெல்ல மெல்ல அவள் ஓடுவது குறைந்தது. மரத்தடியில் நின்று சத்தம் மட்டும் போட்டாள். பிறகு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். மறுபடி ஊர்விட்டுப் போகும் முன் நான் பார்த்தபோது அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பகலில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கழட்டி எறி" என்றேன்.

"எறிஞ்சா அவருக்கு நெஞ்சு நின்னுடும்" என்றாள். அதில் கிண்டல் எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

நான் போய்விட்டேன். இரண்டு நோன்புகள் வந்து போயின. ஜாபிர் ஒரு தடவை வந்து போனான். ஹனீன் பேச ஆரம்பித்துவிட்டாள் என்று படம் அனுப்பினாள் ஹப்ஸத்.

போன வாரம் அவளிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. அவளுடைய குரல் இல்லை. ஜாபிர் அவளுக்கு அனுப்பியதை அப்படியே எனக்குத் தள்ளியிருந்தாள். தன் பங்குக்கு ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. பின்னால் லாரிகள் போகிற இரைச்சல். அவன் நின்று நின்று பேசுகிறான்:

"ஹப்ஸூ, நான்தான். இங்கே கூட வேலை செய்யற ஒரு நேப்பாளிக்குக் குழந்தை பிறந்திருக்கு. அவனுக்கும் ஒண்ணு வாங்கிக் கொடுக்கலாம்னு நம்ம கதையைச் சொன்னேன். மிஷின்ல அன்னைக்கு உள்ள வரைபடத்தை எடுத்துக் காட்டினேன். அவன் பாத்துட்டு, பாயி, இதுல முதல்ல மாடிப்படி இருக்கு, அப்புறம்தானே சிவப்பு வருதுன்னான். நான் இத்தனை நாளா சிவப்பை மட்டும்தான் பாத்திருக்கேன். மேலே, கீழே, மேலே, கீழேன்னு ஏறியிருக்கே. அதுக்கு முன்னாடி மூணு நாளும் பச்சை. அந்த மூணு நாள்தான் நீ தலை வலிக்குதுன்னு சொன்னே. நான் பச்சைன்னேன். அவ்வளவு தலைவலியோட நீ ஏன் படி ஏறினே? ... உனக்கு எப்ப முடியுதோ அப்பக் கூப்பிடு. நான் ஒண்ணும் பேச மாட்டேன். நீ சொல்லு, நான் கேட்டுக்கறேன்."